பரீட்சைக்கு உட்கார்ந்த கழுத்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று தொடங்குவதுதான் என் வழக்கம். இந்த முறை அதில் பாதியைத்தான் எழுத முடிகிறது. உன் அம்மா நலம். போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய், நான் உளறுவேன். அதனால்தான் கூரியரில் கடிதம். எழுத்து வரிக்கு வரி கீழே சரிகிறது, பொறுத்துக்கொண்டு படி.

போன வாரம் நீ படித்த கல்லூரியில் அறுவை சிகிச்சைப் பரீட்சை. கடையை அரைநாள் சாத்திவிட்டு, பிள்ளைகள் சோதித்துப் பார்க்கிற நோயாளியாக என் கழுத்துக் கட்டியோடு வழக்கம்போலப் போய் உட்கார்ந்தேன். ஊரார் கழுத்துக்கெல்லாம் காலர் அளவெடுக்கிற தையல்காரன் தன் கழுத்தைப் பிள்ளைகளிடம் அளக்கக் கொடுக்கிறான் என்று பக்கத்துக் கடைக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டும். பதினொரு வருடமாக அந்த ஸ்டூல் எனக்குப் பழக்கம். பின்னால் நின்று இரண்டு கையாலும் தடவுவார்கள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், கட்டி மேலே ஏறி இறங்கும். நாக்கை நீட்டச் சொல்வார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, ஆனால் அந்தப் பரீட்சை தலைகீழ்ப் பாடம்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. பரீட்சகர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் நான் பிள்ளைகளின் காதில் விடையைச் சொல்லிவிடுவேன். "தைராய்டு கட்டி, பதினொரு வருஷம், தண்ணி குடிச்சா ஏறும், கெட்டது இல்ல" என்று. அவர்கள் எனக்கு வைத்த பெயர் பாஸ் மார்க் தாத்தா. தாத்தா என்பதுதான் கொஞ்சம் உறுத்தும். நீ இதே பாடத்தில் ஒருமுறை தோற்று மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாயே, அப்போது சோற்றுத் தட்டோடு கதவுக்கு வெளியே நின்றவன் நான். இன்னொரு வீட்டுப் பிள்ளை அப்படிப் படுக்கக்கூடாது என்றுதான் சொல்லத் தொடங்கினேன்.

இந்த முறை வந்தது ஒரு குட்டைப் பெண். கை சில்லென்று இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "ஐயா, சொல்லிடாதீங்க, நானே பாக்கறேன்" என்றாள். வலியக் கொடுப்பதை வேண்டாம் என்கிறாளே, என்ன திமிர் என்று நினைத்தேன். அவள் கட்டியோடு நிற்கவில்லை. காதுக்குப் பின்னால் தொடங்கி, கழுத்தெலும்பு வரை விரலால் தேடிக்கொண்டே போனாள். இடது பக்கம் ஓரிடத்தில் நின்றாள். தண்ணீர் குடிக்கச் சொன்னாள். பழைய கட்டி ஏறியது, அவள் விரலுக்கடியில் இருந்தது ஏறவில்லை. சட்டைப் பொத்தான் அளவில் இன்னொரு கட்டி, நானே கவனித்ததில்லை.

அப்புறம் கழுத்துக்காரனிடம் யாரும் கேட்காததையெல்லாம் கேட்டாள். தலை வலிக்கிறதா, காலையில் வாந்தி வருகிறதா, கையிலிருந்து சாமான் நழுவுகிறதா என்று. இரண்டு மாதமாகக் கத்தரிக்கோல் நழுவுகிறது என்றேன். கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டச் சொன்னாள். நீட்டினேன். திறக்கச் சொன்னபோது பார்த்தால் வலது கை இறங்கியிருந்தது. நான் இறக்கவில்லையம்மா. அந்த ஒரு நிமிடம்தான் எனக்குப் பயம் வந்தது.

மணி அடித்துவிட்டது. கட்டியைக் கேட்டால் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயே என்று பரீட்சகரான பெரிய டாக்டர் அவளைக் கடிந்தார். பிறகு தன் விரலை அவள் காட்டிய இடத்தில் வைத்தார். வெகுநேரம் அந்த விரலை எடுக்கவில்லை. "வருஷா வருஷம் உங்களப் பாக்கறேன், ஆனா பாக்கவே இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். அவளைப் பாஸ் போட்டீர்களா என்று மறுநாள் கேட்டேன். அதையெல்லாம் நான் கேட்கக்கூடாதாம்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் இடது பக்கம் மூன்று இடத்தில் வளையம் வளையமாகத் தெரிகிறது. காசநோய்க் கட்டியாக இருக்கலாம், வேறிடத்துப் புற்று பரவியதாகவும் இருக்கலாம் என்கிறார் டாக்டர். முதலாவது என்றால் ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை, பிழைத்துக்கொள்வேன். இரண்டாவதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தலையைத் திறக்காமல் கழுத்திலிருந்தே விடை கிடைக்கலாம் என்றார். அங்கே ஊசி போட்டு உறிஞ்சி எடுத்த துளி போதவில்லை. வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் அந்தச் சின்னக் கட்டியையே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். வலிப்பு வராமலிருக்க மாத்திரை தந்திருக்கிறார்கள். உன் அம்மா வேளை தவறாமல் கொடுக்கிறாள், கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுகிறாள். புற்று என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்பது அவள் உத்தரவு.

போன வருடம் நீ வந்தபோது தலைவலி என்றேன். கண்ணாடியை மாற்றுங்கள் என்றாய். இதை நினைத்து நீ இப்போது மருகத் தொடங்கியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம். கழுத்தில் நீ கையை வைப்பதற்கு முன்பே, அது பழைய கட்டிதானம்மா என்று நான்தான் சொன்னேன். ஊர்ப்பிள்ளைகளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்லிவிட்டேன். நல்லது என்று நினைத்துச் செய்தது, என் தலையிலேயே விடிந்திருக்கிறது. தப்பு என் வாயில், உன் கையில் இல்லை.

இனி ஒன்று கேட்கிறேன். இங்குள்ள டாக்டர்களுக்குப் போன் போட்டு விவரம் கேட்காதே. லீவு கிடைக்குமோ கிடைக்காதோ, அந்தச் செவ்வாய்க்கு முன்னால் வந்துவிடு. அந்தச் சின்னக் கட்டியை அவர்கள் எடுத்துப் போகும் முன் நீ ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். எனக்குப் பின்னால் வந்து நின்று, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேடு. நான் வாய் திறக்க மாட்டேன்.

உன் கைராசி குறையாமல் நீ நீடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணியிருக்கும்
அப்பா