ஆறு பெட்டித் தேனீக்கள்

கூத்தாநல்லூர்,
8.1.2024

அன்புள்ள அம்சாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். போனில் பேசினால் பாதிப் பேச்சை உன் வீட்டு மிக்ஸி தின்றுவிடுகிறது. அதனால் எழுதி, பால் வண்டித் தங்கையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நாம் பயிற்சிக்குப் போய் வந்து தொடங்கிய தேனீ வளர்ப்பில், என் பெட்டிகள் ஆறில் ஐந்து நன்றாக இருக்கின்றன. எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவிட்டேன். மெழுகுப்பூச்சி நூலாம்படை கட்டிய அடையை வெட்டி எறிந்தேன். பெட்டி வாசலில் காத்திருந்து தேனீயைக் கவ்வுகிற குளவியைச் செருப்பால் அடிக்கிறேன். "இப்பதாம்மா ஒனக்குக் கோவம்னு ஒண்ணு வந்திருக்கு" என்று மாமியார் சிரிக்கிறார்.

உண்மைதான். என் கணவர் இறந்து, துக்கம் காக்கும் இத்தா நாட்களை வீட்டுக்குள் கழித்து எழுந்த பிறகு, நானாகத் தொடங்கிய ஒரே காரியம் இது. இதுவும் போனால் எனக்கு வேறு பிடிமானம் இல்லை. ஆறாவது பெட்டியில் ஈக்கள் குறைந்துகொண்டே போகின்றன. என்ன செய்யட்டும்?

உன்,
நிலோஃபர்

குடவாசல்,
12.1.2024

அன்பு நிலோவுக்கு,

குளவியைச் செருப்பால் அடிக்கிற ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பெட்டி வாசலைக் கொஞ்சம் குறுக்கி வை, போதும்.

தங்கையனிடம் என் பெட்டியிலிருந்து ஒரு மரச் சட்டம் அனுப்புகிறேன். அதில் கட்டியிருக்கும் அடை முழுக்கப் புழுக்கள். உன் ஆறாவது பெட்டியில் வைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் எல்லாம் ஈயாகி வெளியே வரும். நடவில் நாற்று பற்றாமல் போனால் பக்கத்து வயல்காரர் நாலு கட்டுத் தூக்கிக் கொடுப்பதில்லையா, அதுபோல்தான். நன்றியெல்லாம் எழுதிக்கொண்டிருக்காதே.

உன்,
அம்சவல்லி

கூத்தாநல்லூர்,
5.2.2024

அன்புள்ள அம்சா,

நன்றி எழுதாதே என்றாய், எழுதவில்லை. ஆனால் அம்சா பெட்டிதான் பெட்டி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

இப்போது அந்த ஆறாவது பெட்டியில் புழுக்கள் சாகின்றன. தலையைத் தூக்கியபடி, படகு முனைபோல் வளைந்து கிடக்கின்றன. ஊக்கால் தூக்கினால் தண்ணீர் நிறைந்த சின்னப் பையாக வருகிறது. இது நோயா, பனியா? நோய் என்றால் அந்தப் பெட்டியைத் தனியாகத் தள்ளி வைத்துவிட்டு, கை கழுவாமல் மற்றதைத் தொடமாட்டேன். உன் பெட்டிகளில் இப்படி ஏதாவது பார்த்தாயா? உடனே எழுது.

உன்,
நிலோஃபர்

குடவாசல்,
7.2.2024

அன்பு நிலோ,

பனிதான். மாசி வெயில் ஏறட்டும், சரியாகிவிடும். என் பெட்டிகளில் அப்படி ஒன்றும் இல்லை. இங்கு உளுந்து பூத்திருக்கிறது, ஈக்களுக்கு விருந்து. வீணாகக் குழம்பாதே.

உன்,
அம்சவல்லி

குடவாசல்,
4.3.2024

நிலோ,

ஒன்பது முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. "அந்தம்மா வூட்டுப் பொட்டி ஆறும் காலிங்க. சட்டத்தையெல்லாம் கொல்லையில போட்டுக் கொளுத்திட்டாங்க" என்று தங்கையன் சொன்னார்.

நான் பொய் சொன்னேன். சட்டத்தை அனுப்பும் முன்பே அதில் ஐந்தாறு செத்த புழுக்களைப் பார்த்தேன். ஊசியால் எடுத்துப் போட்டுவிட்டு, சுத்தமான சட்டம்போல் அனுப்பினேன். அப்போது அது என்னவென்று தெரியாது, சத்தியமாக. நீ எழுதியதும் பயிற்சி கொடுத்த சாரைக் கேட்டேன். "அது வைரஸ்மா. மருந்து கிடையாது. சட்டத்த மாத்துனா, கையக் கழுவாம அடுத்தத தொட்டா, எல்லாப் பொட்டிக்கும் பரவிடும்" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் உனக்குப் பனி என்று எழுதினேன். நீ ஊரெல்லாம் சொல்லி வைத்த என் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். வேறு காரணம் இல்லை. என் நான்கு பெட்டிகளும் போய்விட்டன, அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

அம்சா

கூத்தாநல்லூர்,
10.3.2024

அம்சவல்லிக்கு,

நாளையோ மறுநாளோ நோன்பு தொடங்கிவிடும். மனதில் எதையும் வைத்துக்கொண்டு நோன்பு பிடிக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

சட்டம் அனுப்பியதில் கோபம் இல்லை. தெரியாமல் செய்தாய். பனி என்று எழுதினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அதை நம்பி, ஆறாவது பெட்டியைத் தொட்ட கையாலேயே மற்ற ஐந்தையும் திறந்தேன். ஒவ்வொரு பெட்டியாகப் புழு செத்தது. மிஞ்சிய ஈக்கள் ஒருநாள் காலையில் கூட்டமாக எழுந்து தென்னைகளுக்கு மேலே போய்விட்டன. மாமியார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாற்று கொடுப்பதைச் சொன்னாய். நாற்றங்காலில் நோய் கண்டிருந்தால், "நம்ம நாத்து வேணாங்க, வேற எடத்துல பாருங்க" என்று உங்கள் ஊரில் கொடுப்பவர்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்வார்கள் என்று நம்பித்தான் நாற்று இல்லாதவர்கள் மற்ற நாளில் கூசாமல் போய்க் கேட்கிறார்கள்.

உன்னை மன்னித்துவிட்டேன், அல்லாஹ் சாட்சி. உன் மகள் பூவிழியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாமியாரையும் அழைத்துக்கொண்டு முதல் நாளே வருவேன். பந்தியில் நின்று பரிமாறுவேன். ஆனால் இனி என் வீட்டில் எது குறைந்தாலும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

நிலோஃபர்