கயல் அடித்த ஒட்டகம்

அண்ணனூர், செவ்வாய் இரவு

கதை சொல்வதில் அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை என்னை மிஞ்ச ஆளில்லை. ஒன்பதாவதோடு நான் நின்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். அந்தத் தைரியத்தில்தான் தங்கை மகள் கயலுக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தர உட்கார்ந்தேன்.

வீட்டில் ஒருவர் சொல்லும் கதையை எழுதி, அதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டுமாம். தன் அப்பா துபாய் போன கதையைக் கேட்டாள். அவரிடமிருந்து போன் நின்ற நாள் முதலாக நான் வளர்த்து வரும் கதை அது. ஏர்போர்ட்டில் அவர் அழுதது, ஷேக்கே எழுந்து கைகுலுக்கியது, மகள் போட்டோவைப் பர்சில் வைத்திருப்பது. இன்றைக்குப் புதிதாக அவருக்கு ஓர் ஒட்டகமும் வாங்கிக் கொடுத்தேன்.

எழுதி முடித்ததும் பென்சிலால் வரிகளை அடிக்க ஆரம்பித்தாள்.

"ஒட்டகத்த ஏன் கண்ணு அடிச்சுட்ட?"

"வர்ணனைலாம் எடுத்துடணும்னு டீச்சர் சொன்னாங்க மாமா."

"ஷேக்காவது இருக்கட்டுமே?"

"அவுரும் வர்ணனைதான். பர்ஸ்ல என் போட்டோ கீதுன்னியே, அத்த நீ பாத்தியா?"

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்புவதற்குள் அந்த வரியும் போயிருந்தது. மிச்சத்தைப் படித்தாள்: "அப்பா துபாய் போனார். இன்னும் வரவில்லை."

"மூணுல ஒரு பங்குகூட வரல மாமா. மெய்யாலுமே நடந்தது வேற எதுனா கீதா?"

"ஏர்போர்ட்டுல அழுதது உங்கப்பன் இல்ல கண்ணு, நீ. ஊடு வர்ற வரிக்கும் என் தோள்லயே அழுத."

அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அடிக்கவில்லை.

நல்ல ஒட்டகம் அது.