பால் பொங்கியபோது விட்டுப்போன வரி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பி வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் "வேலைல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இரண்டு மாதமாக வரவில்லை. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். என் இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டதாம். இருபத்தேழாம் தேதி ஆபரேஷன், நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே. கருவிகளைக் கழுவி, ஆவியில் வைத்து, பொட்டலம் கட்டி அனுப்புவதுதானே என் வேலை. என்னை அறுக்கப்போகும் கத்தியையும் நானே கட்டி அனுப்புவேனோ என்னவோ. சிரிக்காதே. நான் சிரித்துப் பார்த்தேன், முடியவில்லை.

கத்திக்குக்கூட நான் பயப்படவில்லை. உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் சமையலறைத் தரையில் என்னை உட்காரவைத்து ஒரு ஜெபம் சொல்லிக்கொடுத்தாயே. நீ ஜெபம் அச்சடித்த சீட்டைப் பார்த்து ஒவ்வொரு வரியாக வாசித்தாய், நான் திருப்பிச் சொன்னேன். நடுவில் பால் பொங்கிவிட்டது. எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அதன்பிறகு எந்த வரியில் ஆரம்பித்தோம்? இயேசுவை என் இரட்சகராக நம்புகிறேன் என்ற வரியை நான் சொன்னேனா?

அந்த வரியைச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அன்று அந்த அறையில் இருந்தவன் நீ ஒருவன்தான். யோசித்து எழுது.

இப்படிக்கு,
அக்கா

*

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உன்னைத் திட்டவேண்டும். வால்வு சுருங்கியதைக் கடிதத்தில் எழுதித் தெரிவிப்பார்களா? "ஆபரேஷன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பேனா? நான் வரட்டுமா? இந்த வாரம் நான் பழுதுபார்க்கிற பதினான்கு மாடிக் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட்டுமே படுத்துவிட்டன. அங்கே குடியிருப்பவர்கள் என்னைப் பார்த்தாலே பல்லைக் கடிக்கிறார்கள். ஆனாலும் கேட்டால் விடுப்பு கிடைக்கும்.

ஜெபம் பற்றி எழுதியிருந்தாய். எல்லாம் சரியாகத்தான் சொன்னாய். மணி மாதிரி சொன்னாய். அதற்குப்பிறகும், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று போதகர் கேட்ட எத்தனை கூட்டத்தில் எழுந்து நின்று கை தூக்கியிருக்கிறாய்? நீ கை தூக்கினால் போதகர் அதை எண்ணுவதே இல்லை என்று ஊரெல்லாம் சிரித்தது மறந்துபோச்சா? லிஃப்ட் பட்டனைப் பத்துத் தடவை அழுத்துகிற ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன். பத்துத் தடவை அழுத்தினாலும் அது ஒரு தடவைதான் வரும்.

நான் சர்ச் வாசலை மிதித்தே ஏழு வருஷம் ஆகிறது. என்னைப் போய்க் கேட்கிறாயே. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு. உப்பைக் குறை. நிறையத் தூங்கு.

உன்,
வாலு

*

பிப்ரவரி 15

அன்புத் தம்பி,

உப்பைக் குறைத்துவிட்டேன். தூக்கம் என் கையில் இல்லை.

மணி மாதிரி சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லும்போது நீ ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்வாய். அதனால் விடமாட்டேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போன வருடம் இரண்டு பஸ் மாறி, என்னைத் தெரியாத ஒரு சபைக்குப் போய் மறுபடி ஞானஸ்நானம் எடுத்தேன். முன்பே எடுத்திருக்கிறேன் என்பதை மறைத்துவிட்டேன். நிம்மதிக்காக ஒரு பொய். தண்ணீரிலிருந்து எழும்போதே, "பொய் சொல்லி எடுத்தோமே, இது செல்லுமா" என்ற கவலை வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை வேலையிலும் அதே கூத்து. எங்கள் பொட்டலங்களின் மேல் ஒரு பட்டை ஒட்டுவோம். ஆவியில் பட்டை கறுத்தால் வேலை முடிந்தது, அப்படியே சீல் பிரிக்காமல் அனுப்பிவிடவேண்டும். பிரித்துப் பார்த்தால் அந்த நிமிடமே அது அசுத்தம். இது எனக்குத் தெரியாதா? பதினாறு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். அன்று பதினோரு பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன், உள்ளே சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க. ஒரு ஆபரேஷன் இரண்டு மணி நேரம் தள்ளிப்போனது. மேற்பார்வை அம்மா திட்டவில்லை. "பட்டை கறுத்திருக்கே, அப்புறமும் நம்ப மாட்டியா? உனக்கு என்னதான் ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

நான் செத்துப்போனால் எங்கே போவேன் என்று எனக்குத் தெரியவேண்டும், தம்பி. இருபத்தேழுக்குள் தெரியவேண்டும். உண்மையை எழுது.

அக்கா

*

பிப்ரவரி 19

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன். இதையாவது கிழிக்காமல் அனுப்புகிறேன்.

அந்த வரியை நீ விடவில்லை. நான் விட்டேன்.

நீ அடுப்பை அணைக்கப் போனபோது மணியைப் பார்த்தேன். ஐந்தரைக்கு மைதானத்தில் ஆட்டம். பையன்கள் காத்திருந்தார்கள். நீ வந்து உட்கார்ந்ததும் நடுவிலிருந்த வரியைத் தாண்டிக் கடைசி வரிக்குப் போய்விட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னாய். அழுதாய். நான் ஷூ லேஸைக் கட்டினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாதம் வாலிபர் கூட்டத்தில் ஆளுக்கு ஒருவரை இயேசுவிடம் கூட்டிவரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு யாரும் கிடைக்கவில்லை. வீட்டில் நீ இருந்தாய். நான் வாசித்த எதையும் அன்றைக்கு நான் நம்பவில்லை. அதனால்தான் சர்ச்சுக்குப் போவதை விட்டேன். நீ முன்வரிசையில் உட்கார்ந்து பாடுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

வாலு

*

பிப்ரவரி 26
வார்டு, ஜன்னலோரக் கட்டில்

தம்பி,

உன் கடிதம் வந்த அன்று, நீ பக்கத்தில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். ஆட்டமாம், ஷூ லேஸாம். இரண்டு நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். இன்னும் கோபம் இருக்கிறது, இருக்கட்டும்.

மூன்றாம் நாள் ஒன்று உறைத்தது. ஒன்பது வருடமாக நான் நம்பியது எதை? உன் சீட்டை. என் ஞாபகத்தை. என் கண்ணீரை. அது போதுமானதா என்று தினமும் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். இப்போது பார்க்க ஒன்றுமில்லை. வரியும் இல்லை, சொல்லிக்கொடுத்தவனுக்கும் நம்பிக்கை இல்லை. இயேசு மட்டும்தான் மிச்சம். சிலுவையில் அவருக்குப் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு யார் சீட்டு வாசித்துக் காட்டினார்கள், சொல்? அவன் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, என்னை நினைத்தருளும் என்று கேட்டான், இன்றே என்னோடு பரதீசில் இருப்பாய் என்று அவர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

நானும் கேட்டுவிட்டேன். விட்டுப்போன வரியைச் சேர்த்து முதலிலிருந்து சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நீங்கள் எனக்காகச் செத்தது போதும், என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

அமைதி வந்ததா என்று கேட்பாய். வரவில்லை. இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. பயப்படுகிற ஆளையும் அவர் தூக்குவார் என்று நம்புகிறேன். நாளைக் காலை எட்டு மணிக்கு உள்ளே போகிறேன். ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் உறவினர் கையெழுத்துப் போடும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீ கேட்ட "வரட்டுமா"வுக்கு நான் பதிலே எழுதவில்லை. வா. கடிதம் தபாலில் போனால் நேரத்துக்குக் கிடைக்காது. என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் அண்ணன் இன்று உன் பக்கம் வண்டி ஓட்டுகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன். கோபம் தனி.

அக்கா

*

பிப்ரவரி 27
காத்திருக்கும் கூடம்

அக்கா,

ஏழரைக்கு ஓடிவந்து கையெழுத்துப் போட்டேன். நீ அரை மயக்கத்தில் என்னைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்று கேட்டாய். அதற்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது சொல்கிறேன். சாப்பிடவில்லை.

நான்கு மணி நேரமாகிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தண்ணீர்க் குழாய்வரை நடக்கிறேன், திரும்பி வருகிறேன். உன் கடிதத்தைப் படித்துப் படித்து மடிப்பு கிழிந்துவிட்டது. முழங்காலில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணல், பொறுத்துக்கொள்.

நீ பிழைத்து வந்தால் இதைக் கையில் கொடுப்பேன். வராவிட்டால் யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை. ஆனால் நீ எங்கே போவாய் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதை எழுதியபிறகுதான் கவனித்தேன். சந்தேகம் இல்லை என்றால் நான் யாரை நம்பி அப்படி எழுதினேன்?

சற்றுமுன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று உனக்காக இயேசுவிடம் கேட்க ஆரம்பித்தேன். அக்காவைக் காப்பாற்றுங்கள், அக்காவைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பாதியில் பார்த்தால், என்னைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி