நான்காம் காட்சி

பண்டமாரான்
18.2.2024

என் அருமை வாணிக்கு,

நலமா என்று கேட்டால் "என்னத்த நலம்" என்பாய். அதனால் கேட்கவில்லை. மார்ச் பத்தாம் தேதி, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, பிரிக்பீல்ட்ஸில் விமலன் குழுவின் புது நாடகம். மூன்றாவது வரிசையில் நம் பழைய இடத்தையே பிடித்து வைத்திருக்கிறேன். நீ வருகிறாய், அவ்வளவுதான்.

உன் மகன் பிரவின் போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடமும் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்துக்கொண்டுதான் நாடகம் பார்க்கிறேன். போன மாதம் கிள்ளானில் ராஜா வேடக்காரருக்கு மீசை பாதி கழன்று தொங்கியது. மனிதர் அதைப் பிய்த்து மந்திரி கையில் கொடுத்துவிட்டு வசனத்தைத் தொடர்ந்தார். மண்டபமே சிரித்தது. எனக்குத்தான் தோளில் இடிக்க ஆளில்லை. கைப்பையையா இடிப்பது?

போன வருடம் விமலனின் நடிப்புப் பட்டறைக்குப் போனேன் அல்லவா? அந்தப் பெருமை இன்னும் அடங்கவில்லை. "உஷா ஆன்டி, நீங்க வந்தாதான் களை கட்டுது லா" என்கிறான். இருபது வருடம் கீழே உட்கார்ந்து கைதட்டியவளுக்குத் தலைகால் புரியுமா?

முடிந்ததும் நம் சட்டப்படி மூன்று நாள் வாய் திறக்கக் கூடாது. கருத்தெல்லாம் கடிதத்தில்தான். அன்றைக்கு ஒரு நாடகத்துக்காக சென்ட்ரல் ஸ்டேஷனில் சண்டை போட்டு, ஆளுக்கொரு ரயிலைத் தவறவிட்டோமே, அது போதும்.

உன் தோழி,
உஷாராணி


சாலாக் செலாத்தான்
27.2.2024

அன்பு உஷா,

வருகிறேன். உன் நச்சரிப்பு தாங்கவில்லை.

நீ நம்பமாட்டாய், இவரும் வருகிறார். லோரி ஓட்டுவதை நிறுத்தியதிலிருந்து வாசலைத் தாண்டாத மனிதர். "நானும் வரேன். பிரவினுக்கும் நாடகம்னா பிடிக்கும்ல" என்றார். மகன் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று! சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். அவருக்கு ஓர் இடம் பிடித்து வை. நடைபாதை ஓரமாக இருக்கட்டும், கால் நீட்ட வேண்டும்.

ஒன்று மட்டும், உஷா. அவரிடம் பேச்சுவாக்கில் எதையும் விட்டுவிடாதே. வேலையிடத்தில் நடந்த விபத்து என்றுதான் அவர் இன்னும் நம்புகிறார். பிரவின் எழுதிவைத்த சீட்டை நான் மறைத்தது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். முதல் நாள் கோபத்தில் இவர் சொன்ன சொல் அதில் அப்படியே இருக்கிறது. படித்தால் இந்த மனிதர் பிழைக்கமாட்டார். உன்னிடமாவது சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

முடிந்ததும் பழைய கடையில் வடை சாப்பிடலாம்.

உன்,
வாணி


பண்டமாரான்
13.3.2024

வாணி,

நீ போனை எடுப்பதில்லை. மூன்று நாள் சட்டத்துக்காகத்தான் என்று என்னை ஏமாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை.

நான்தான் சொன்னேன். போன வருடம் பட்டறையில் மாரியாயி என்ற நடிகைக்கு அழுகை வரவில்லை. "ஆன்டி, உங்களுக்குத் தெரிஞ்ச உண்மைக் கதை ஒன்னு சொல்லுங்க" என்றான் விமலன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு தாய், மகன் விட்டுப்போன சீட்டு, அதை ஒளித்த அரிசி டின் என்று சொல்லிவிட்டேன். பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது, வாணி. பயிற்சிக்கு மட்டும்தான் என்றான், நானும் நம்பினேன். நாடகமாக்குவான் என்று சத்தியமாகத் தெரியாது.

நான்காம் காட்சியில் அவள் அரிசி டின்னைத் திறந்தபோதுதான் புரிந்தது. உன் கையைப் பிடித்தேன், நீ இழுத்துக்கொண்டாய். உனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கன்னையா அண்ணன் மேடையைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தார். எழுந்து கத்தி நிறுத்தியிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன். அது மட்டுமா? முடிந்ததும் கருத்துச் சொல்ல வழக்கம்போல மைக்கை என்னிடம்தான் நீட்டினார்கள். "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த வாயை என்ன செய்வது?

விமலனிடம் சண்டை போட்டுவிட்டேன். இனி அந்த நாடகத்தைப் போடமாட்டான்.

அண்ணன் ஏதாவது கேட்டாரா? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உஷா


சாலாக் செலாத்தான்
2.4.2024

உஷாராணிக்கு,

கேட்டார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறைக்குப் போய், அரிசி டின்னைத் தரையில் கவிழ்த்தார். அதில் ஒன்றுமில்லை. கருமாதி முடிந்த மறுநாளே சீட்டை இடம் மாற்றியிருந்தேன்.

"அது வெறும் நாடகங்க" என்றேன்.

"வாய்க்கரிசிக்கு நம்ம டின்ன தொறக்க விடலயே நீ. பக்கத்து வீட்டு இராஜம்மாவ கடைக்கு அனுப்பி அரிசி வாங்கியாரச் சொன்ன. வீட்ல அரிசி இருக்கறப்ப ஏன்னு அன்னிக்கே நெனச்சேன்" என்றார்.

இரண்டு வருடமாக மறைத்து வைத்திருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தேன்.

"நீ ஒன்னுக்கும் ஒதவமாட்டேன்னு அப்பா சொன்னது சரிதாம்மா." அந்த வரியை அவர் விரலை வைத்து வைத்துப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் தன் தங்கை சீதாலெட்சுமி வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே யாரோடும் பேசுவதில்லை, மாத்திரை சாப்பிடுவதில்லை. அவரைத் தனியாக விடாதே என்று அவளிடம் கெஞ்சியிருக்கிறேன். உயிரோடு இருக்கிறாரா என்று காலையும் மாலையும் போன் செய்து கேட்பதுதான் இப்போது என் வேலை.

வேண்டுமென்று செய்தாய் என்று நான் நினைக்கவில்லை. அதனால் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை. இனி மூன்றாவது வரிசையில் எனக்கு இடம் பிடிக்காதே. கைப்பையையே வைத்துக்கொள். பதிலும் எழுத வேண்டாம்.

நம் சட்டப்படி நாடகத்தைப் பற்றிக் கருத்து எழுத வேண்டும், எழுதுகிறேன். நான்காம் காட்சியில் அந்தத் தாய் கதறி அழுதுகொண்டே சீட்டை மறைக்கிறாள். அது தப்பு. நான் அழவில்லை. சீட்டை உள்ளே வைத்த கையோடு, அதே டின்னிலிருந்து அவனையும் சேர்த்து மூன்று பேருக்கு அரிசி அளந்து, கழுவி, அடுப்பில் வைத்தேன். அதை நான் உன்னிடம் சொன்னதில்லை. அதனால்தான் அது நாடகத்தில் இல்லை.

வாணி