மேடையில் பரப்பிய தோட்டத்து மண்

இன்று காலை கூடத்தின் மேடைப் பலகைகளைப் பெயர்த்தார்கள். கறையான். ஒரு மூலையில் கால் வைத்தால் பொசுக்கென்று உள்ளே போகிறது என்று பிள்ளைகள் ஒரு மாதமாக முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். தச்சு வேலைக்கு வந்தவன் நாலு பலகையை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"ஐயா, கீழ சுண்ணாம்புத் தரைதானே இருக்கு. அதுக்கு மேல ஏது இவ்வளவு செம்மண்ணு? கோடு போட்ட மாதிரி கெடக்கு."

குனிந்து பார்த்தேன். பலகைச் சந்துகள் வழியே உதிர்ந்த மண், வரி வரியாகக் கிடந்தது. ஒரு பிடி எடுத்து முகர்ந்தேன். வாசனையெல்லாம் போய் வெறும் தூசியாக இருந்தது. ஆனாலும் எனக்கு அடையாளம் தெரிந்தது. "பழைய மண்ணப்பா, பெருக்கி அள்ளிவிடு" என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். உனக்கு எழுத வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்ததுதான். செத்தவனுக்குக் காகிதம் எழுதுகிறவனைப் பைத்தியம் என்று நீயே சொல்வாய். சொல்லிக்கொள்.

ஹாலிஎலைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தோம் நாம். நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவரில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாக நீ எங்கள் வீட்டு ரொட்டியைத் திருடியதை உன் அம்மா கண்டுபிடித்தபோது பழியை என் மேல் போட்டாய். என் அப்பா தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல்காரர். அந்தச் சலுகையில் என்னைப் பதுளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். உனக்கு அப்படி யாரும் இல்லை. நான் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போன வயதில் நீ விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பேர் கொடுத்து, மலை ஏறினாய். வேறென்ன வித்தியாசம் நமக்குள்? நீ என்னைவிடக் கெட்டிக்காரன், அவ்வளவுதான்.

படிப்பு முடிந்ததும் என்னை அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கூடத்துக்குப் பொறுப்பாக வைத்தார்கள். ஆற்றங்கரை மேட்டில் புதிதாகக் கட்டியிருந்த கூடம் அது. சுவர் நிறையச் சித்திரங்கள், ஒரு ஹார்மோனியம், கிழக்கே பார்த்த மேடை. அதைக் கட்டிய தலைமை ஆசிரியரை எல்லோரும் பெரிய ஐயா என்போம். வெள்ளைக்காரர். அவர் தமிழ் பேசினால் வேதப்புத்தகம் வாசிப்பது போலிருக்கும். "இந்தக் கூடம் பள்ளிக்கும் ஊருக்கும் பொதுவானது, கதவுகள் யாவருக்கும் திறந்திருக்கக்கடவது" என்பார். கிழமை நாட்களில் பிள்ளைகள் படம் வரைந்தார்கள், பாட்டுப் படித்தார்கள். சனிக்கிழமைகளில் ஊர் வந்தது. அரசாங்கக் கச்சேரி கிளார்க்குமார் நாடகம் ஒத்திகை பார்த்தார்கள். சிங்களக் கிராமத்துப் பெரியவர்கள் பெரஹரா ஊர்வலத்துக்குத் தைத்த கொடிகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். புடவைக் கடை முஸ்லிம் நானா தன் மகன்களைக் கூட்டிவந்து ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நிறுத்தி, "இதப் பாருங்க மகன்" என்று காட்டுவார்.

வராதவர்கள் தோட்டத்து ஆட்கள் மட்டும்தான். சந்தைக்கு வந்து திரும்புகிறவர்கள் மூட்டையும் முடிச்சுமாக ஜன்னலோரம் நின்று எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே வாங்க என்று நான் போய்க் கூப்பிட்டால், "நமக்கெதுக்குங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பார்கள். அந்த 'ங்க' என்னைச் சுடும். நானும் லயத்தில் பிறந்தவன்தான், கால்சட்டை அதை மறைத்துவிட்டது. இவர்களை உள்ளே கொண்டுவராமல் விடுவதில்லை என்று எனக்குள் ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது. அந்த வீம்பைத்தான் பிற்பாடு ஊரார் தொண்டு என்றார்கள்.

நீ அப்போது சாக்குத் துணியில் படம் போட்டுக்கொண்டிருந்தாய். செங்கல் தூள், இலைச்சாறு, அடுப்புக் கரி. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் வரிசையாக நிற்கிற படத்தை நான் சுருட்டிக்கொண்டு வந்து பெரிய ஐயாவிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லித்தரவும் மேடைத் திரைகள் எழுதவும் இந்த மனுஷன் கூடத்துக்கு வேண்டும் என்றார்.

வேண்டும் என்றால் ஆயிற்றா? துரை துண்டு எழுதிக்கொடுக்காமல் தோட்டத்து ஆள் வேறு வேலைக்குப் போக முடியாது. ஒரு துண்டுக் காகிதம்தான், அது இல்லாதவனைப் பிடித்துக்கொண்டு போய்த் திரும்ப லயத்திலேயே விட்டுவிடுவார்கள். உன் அப்பா அதைக் கேட்டுக் கேட்டே செத்தவர். அதனால் நான் ஒரு கணக்குப் போட்டேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவில், ரதி மதன் கதை ஆடுகிற உங்கள் காமன் கூத்தை மேடை ஏற்றுவது. துரையை முன்வரிசையில் உட்கார வைப்பது. நீ ரதி வேஷம் கட்டி நின்றால் பார்க்கிறவர் கல்லாக இருந்தாலும் இளகிவிடுவார். இளகின கையோடு துண்டை எழுதி வாங்கிவிடுவது.

பெரிய ஐயாவிடம், "இது வெறும் நாடகம்தான் ஐயா, பூசை ஒன்றும் கிடையாது" என்றேன். கூத்து வாத்தியாரிடம், "ஒரு முறை குறையாம எல்லாம் நடக்கும்ங்க" என்றேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒனக்கு ரெண்டு நாக்கு மச்சான், சோறு திங்கிறப்ப எத வச்சுத் திங்கிறே?" என்று கேட்டாய்.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று. அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. விழா மாசி மாதம் வளர்பிறையில் விழுகிறது. அமாவாசை கழித்து மூன்றாம் நாள் காமன் கம்பம் ஊன்றி, ரதிக்கும் மதனுக்கும் காப்புக் கட்டுவார்கள். கட்டினால் காமனை எரிக்கும் வரை அந்த இரண்டு பேரும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. விழா, கம்பம் ஊன்றிய நாலாம் நாள். எரிப்பதற்கு அதற்குமேல் பன்னிரண்டு நாள். லயத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த கணக்கு, பன்னிரண்டு வருஷம் டவுனில் இருந்த எனக்கு மறந்துபோயிருந்தது.

ஓடி வந்தேன் தோட்டத்துக்கு. கூத்து வாத்தியார் தலையை ஆட்டிவிட்டார். "காப்புக் கட்டினவன் தாண்டினா தோட்டத்துல புள்ளகுட்டிக்கு ஆகாதுப்பா. ஒனக்குத் தெரியாதா?"

நீதான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "எல்லையத் தாண்டக் கூடாது, அவ்வளவுதானே வாத்தியாரே? எல்லையையே தூக்கிட்டுப் போனா?"

அவர் உன்னை முறைத்தார். பிறகு வெற்றிலையை மென்றுகொண்டு யோசித்தார். கம்பம் ஊன்றிய காமன் பொட்டலில் இருந்து மண் எடுத்து, போக வர வழிநடைக்கு மட்டும் மடியில் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். மேடையில் அதே மண்ணைப் பரப்ப வேண்டும். ரதியும் மதனும் அந்த மண்ணை விட்டு ஓர் அடி வெளியே வைக்கக் கூடாது. அப்படியானால் அவர்கள் தோட்டத்தில்தான் நிற்கிறார்கள். பழைய நாளில் நம் பெரியவர்கள் வந்த இந்தியச் சீமையில் இப்படிச் செய்ததுண்டு என்று சொல்லி அவரே ஒத்துக்கொண்டார். நான் உன்னைக் கட்டிக்கொள்ளாத குறைதான். கெட்டிக்காரப்பயல் என்று திட்டினேன்.

விழா அன்று மத்தியானம் இருபது பேர் இரண்டு கூடை மண்ணோடு மலையிறங்கி வந்தீர்கள். துரை ஒரு நாளைக்கு அனுமதித்திருந்தார். நானா கடையிலிருந்து உனக்குப் பட்டுச் சேலை வந்தது. "கறை பட்டாலும் பரவால்ல, புள்ள நல்லா ஆடட்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மேடை நடுவில் எட்டு முழத்துக்கு எட்டு முழம் மண்ணைப் பரப்பினோம். கதையில் மதன் எரிந்த பிறகு ரதி புலம்புகிற இடத்தில் நீ குரலை எடுத்தாய். துரைசானி கைக்குட்டையை எடுத்தார். தப்பு மேளம் ஓய்ந்ததும் துரை எழுந்து நின்று கை தட்டினார். நான் போட்ட கணக்கு அச்சுப் பிசகாமல் வந்திருந்தது.

பெரிய ஐயா மேடையோரம் வந்தார். "மகனே, துரையவர்கள் மனமகிழ்ந்திருக்கிறார். நீரே முன்னின்று கேட்பதே முறை; இறங்கி வாரும், இப்பொழுதே கேட்டுவிடுவோம். இன்றுமுதல் நீர் இங்கே தங்கலாம்."

ஐந்தாறு அடி தூரம். அதைத் தாண்டினால் படி. படிக்குக் கீழே துரை நிற்கிறார். நீ மண்ணின் விளிம்பு வரை வந்து நின்றாய். உன் பின்னால் கூத்து வாத்தியாரும் இருபது பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மையும் கண்ணீருமாய் முகம் வழிந்துகொண்டிருக்க, நீ பெரிய ஐயாவைப் பார்க்கவில்லை, வாத்தியாரைப் பார்க்கவில்லை. மேடை மேலேயே பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாய்.

"மச்சான், நீ சொல்லு. எறங்கவா?"

நான் ஒரு பதில் சொன்னேன். அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம், சற்றுப் பொறு. நீ தலையை ஆட்டிவிட்டு, "பன்னெண்டு நாள் கழிச்சு வந்துர்றேங்க" என்று பெரிய ஐயாவிடம் சொன்னாய். அவருக்குப் புரியவில்லை. எட்டு முழ மண்ணில் நின்றபடியே சேலையைக் களைந்தாய், வேஷத்தைக் கழுவினாய், மடியில் மண்ணைக் கட்டிக்கொண்டு வந்த வழியே போனாய்.

பன்னிரண்டாம் நாள் காமன் எரிந்தது. மறுநாள் பெரிய ஐயா துரைக்குக் கடிதம் எழுதினார். அதற்குள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்கு ஆள் போதவில்லை. கூத்துப் பார்க்கக் கூப்பிட்டு ஆளைப் பிடிக்கிறார்கள் என்று யாரோ துரை காதில் ஓதியுமிருந்தார்கள். முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. கங்காணி உன்னைப் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, "ரதியம்மாவுக்கு டவுன் கேக்குதோ?" என்று கேட்டானாம். உன்னை மேல் மலைக்கு மாற்றினார்கள். சந்தைக்குக்கூட உன் பெயருக்கு அனுமதி இல்லை.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. பெரிய ஐயாவை மூன்று தடவை எழுத வைத்தேன். நானே பங்களாவுக்குப் போய், என் அப்பா சமைத்துப்போட்ட குசினி வாசலில் அரை நாள் நின்றேன். உள்ளே கூப்பிடவில்லை. காவல்காரன் என்னைத் தோட்டத்துக்குள் விடக் கூடாது என்ற உத்தரவுதான் கிடைத்தது.

அடுத்த வருஷம் எல்லை ஓடைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினாய். நீ அந்தக் கரை, நான் இந்தக் கரை. தாண்டிக் குதித்தால் முழங்கால் நனையாது. மெலிந்திருந்தாய். படம் போடுகிறாயா என்று கேட்டேன்.

"என்னத்தப் போடுறது? அதே மலை, அதே லயம். எல்லாத்தையும் போட்டாச்சு" என்றாய். பிறகு கையைத் தூக்கிக் காட்டினாய். மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. "பதினஞ்சு நாள் காப்ப எனக்கு ஆயுசுக்கும் கட்டிட்டாங்க மச்சான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளம்பும்போது கேட்டாய். "கூடத்துக்கு நம்ம ஆளுங்க வர்றாங்களா?"

"வர்றாங்க. போன மாசம் எல்ல ஊருப் பக்கத்துத் தோட்டங்கள்லருந்துகூட வந்தாங்க."

"அப்பச் சரி" என்றாய். அதற்குப் பிறகு நான் உன்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெரிய காய்ச்சல் லயம் லயமாக ஆளை வாரிக்கொண்டு போனபோது உன்னையும் கொண்டுபோயிற்று. எனக்குச் செய்தி வந்து சேர்ந்தது எட்டாம் நாள்.

இப்போது துண்டு முறையை எடுத்துவிட்டார்கள். ரயிலும் பதுளைக்கே வந்துவிட்டது. அவ்வளவு தூரத்துப் பூனாகலைத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பெஞ்சியில் உட்காருகிறார்கள், ஓரமாக நிற்பதில்லை. பெரிய ஐயா இங்கிலாந்துக்கே திரும்பிப் போய்விட்டார். புது ஐயா வருகிறவர்களிடமெல்லாம், தோட்டத்தையும் பள்ளியையும் இணைத்தவர் இவர்தான் என்று என்னைக் காட்டுகிறார். கொழும்பில் நல்ல வேலைக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள். போக முடியவில்லை. உன்னைக் கொடுத்து வாங்கிய கூடத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது? இதே அறையில்தான் படுக்கை, இதே அறையில்தான் சாப்பாடு. துரை எனக்கு எந்த உத்தரவும் போடவில்லை. நான்தான் போட்டுக்கொண்டேன்.

சரி, சொல்லிவிடுகிறேன். காப்புக்குப் பயந்து நான் உன்னை நிறுத்தியதாகத்தான் வாத்தியார் சாகும்வரை நம்பினார். பாதி டவுன்காரனாக இருந்தாலும் முறை தெரிந்த பிள்ளை என்று என்னை மெச்சினார். எனக்குக் காப்பிலும் நம்பிக்கை இல்லை, மண்ணிலும் இல்லை. நீ கேட்டதும் நான் உன் பின்னால் நின்ற இருபது முகங்களைப் பார்த்தேன். அவ்வளவு வருஷமும் ஜன்னலோரம் நின்ற முகங்கள், அன்றுதான் உள்ளே வந்திருந்தன. உன் காதோரம் குனிந்து சொன்னேன்.

"இப்ப நீ எறங்குனா இவங்க ஒருத்தரும் இனிமே இந்தக் கூடத்துக்கு வரமாட்டாங்க மச்சான். காமன எரிச்சுட்டு வா."

உன்னைப் பற்றி நான் யோசிக்கவில்லை. கூடத்தைப் பற்றி யோசித்தேன். நீ அதைப் புரிந்துகொண்டுதான் தலையை ஆட்டினாய், ஓடைக்கரையில் 'வர்றாங்களா' என்று என்னிடம் கேட்டதும் அதனால்தான். பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் நீ ஒழுங்காகக் கேட்டவனில்லை. அன்றைக்கும் ஒரு தடவை என் பேச்சைத் தட்டியிருக்கக் கூடாதா?