இரண்டரை நாளும் சல்வு வீட்டுச் சாவியும்

கோசோ,
ஞாயிறு, பூசைக்குப் பிறகு

அன்பு மகள் மார்தெஸுக்கு,

அப்பா விஸ்தின் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே இருவரும் சுகம். என் இருமல் போய்விட்டது, அம்மாவின் சர்க்கரை அடங்கியிருக்கிறது, அவள் வாய் மட்டும் அடங்கவில்லை. மெல்பர்னில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளை லாக்லனும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரோமில் நடக்கும் கல்யாணத்துக்கு வரும் வழியில் ஜூன் கடைசியில் இரண்டரை நாள் இங்கே இருப்போம், அவர் தீவைப் பார்த்ததே இல்லை, எதையெல்லாம் காட்டலாம் என்று கேட்டிருந்தாய். கடைசி வரியில், சல்வு சித்தப்பா கோபம் தீர்ந்ததா, தீரவில்லை என்றால் அந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன் என்றும் எழுதியிருந்தாய். எதையும் விட்டுவிடக் கூடாது என்பதால் வழக்கம்போல முதலில் எண் போட்டுக்கொள்கிறேன்.

1. படகில் எந்தப் பக்கம் நிற்பது
2. உப்புப் பாத்திகள், அதிகாலையில்
3. கோட்டை, நடுப்பகலில் அல்ல
4. சாப்பாடு
5. சித்தப்பா வீட்டுக்குப் போக வேண்டாம் என்பது

மால்டாவிலிருந்து வரும்போது படகின் வலப்பக்கம் நில்லுங்கள், இடையில் இருக்கும் குட்டித் தீவு கொமினோவின் காவல் கோபுரம் அந்தப் பக்கம்தான் வரும். நாற்பது வருஷம் பூகோளம் நடத்தியவனுக்கு இதில் சந்தேகம் வரக் கூடாது, ஆனால் வந்தது, வரைபடத்தை விரித்து இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளை டிக்கெட் எங்கே வாங்குவது என்று தேடுவார், வருவதற்குக் காசில்லை, திரும்பிப் போகும்போதுதான் வாங்குவார்கள் என்று சொல். உன் அம்மாவோ, வர்றவங்ககிட்ட எதுக்குக் காசு, விட்டுட்டுப் போறவங்ககிட்டதான் வாங்கணும் என்கிறாள். உன்னைச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். உப்புப் பாத்திகளுக்கு ஆறு மணிக்கு முன்னால் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் பாறை கண்ணைக் குத்தும். உப்பைக் கூட்டிக் குவிக்கிறவர்கள் துடைப்பத்தோடு இறங்கும் நேரமும் அதுதான். குவியலுக்கு நடுவில் மாப்பிள்ளை காலை வைத்துவிடாமல் பார்த்துக்கொள், அவர்கள் திட்டினால் அவருக்குப் புரியாது, உனக்குப் புரியும். கோட்டைச் சுவரில் மாலையில் ஏறுங்கள், தீவு முழுவதும் ஒரே சுற்றில் தெரிந்துவிடும், எல்லாக் கோவில் கோபுரங்களையும் அவரை எண்ணச் சொல், எனக்கு ஒவ்வொரு முறையும் வேறு கணக்கு வருகிறது. சாப்பாட்டைப் பற்றி நான் எழுத வேண்டாமாம், அம்மா எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டாள். முதல் நாள் பூண்டும் ஒயினும் ஊற்றி வேகவைத்த முயல், அதோடு ஓட்டல் அறையை ரத்து செய்ய வேண்டும் என்கிறாள். என் பொண்ணு ஓட்டல்ல படுத்துட்டு விருந்தாளி மாதிரி இங்க வருவாளா, இங்க அவ பழைய அறைய வெள்ளையடிச்ச நான் என்ன பைத்தியமா என்று கேட்கிறாள். அதற்குப் பதிலை நீயே சொல்லிக்கொள்.

ஐந்தாவதை எழுதப் பேனா நகர மறுக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் ஆகஸ்ட் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் நீ மெல்பர்னுக்குப் புறப்பட்டாய், சித்தப்பா ஊர்ப் பேண்டில் நீ வாசிக்க வேண்டிய முதல் கிளாரினெட் இல்லாமல் ஊர்வலம் போனது. உனக்குச் சீருடை தைக்கக் கொடுத்தவன் அவன், ஞானஸ்நானத்தில் உன்னை ஏந்திய ஞானத்தகப்பனும் அவன். அன்று எல்லார் முன்னாலும், போறவ போகட்டும், இந்த வாசல்ல இனி அவளுக்குச் சாவி இருக்காது என்றான். கோபத்தில் சொன்னது என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் வியாழக்கிழமைதோறும் சந்தைக்குப் போகும் பஸ் அவன் வாசலைத் தாண்டித்தான் போகிறது, அந்தக் குளிர்காலத்திலிருந்தே கதவில் சாவி இல்லை. நீ பிறந்தது முதல் பகலெல்லாம் சாவி தொங்கிய கதவு, மார்தெஸ். யாரும் தட்டாமல் திறந்துகொண்டு போன வீடு. (மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவை, நம் ஊரில் கதவுக்கு வெளியே சாவியைப் பார்த்தால் யாரோ மறந்துவிட்டார்கள் என்று அதைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிடப் போகிறார்.) இறங்கிப் போய்ப் பேச எனக்குத் துணிவு வரவில்லை. பஸ் ஏறினால் தலைசுற்றும் உன் அம்மாவோ, ஓட்டல் பலகையப் பாத்தே பசியாறுற மாதிரி பஸ்லயே உக்காந்து தம்பிய விசாரிக்கிறீங்களே என்கிறாள். எப்படியும் இரண்டரை நாளில் மூடிய கதவுக்கு முன்னால் நீ நிற்பதை நான் விரும்பவில்லை. போக வேண்டாம்.

புதன். கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன், பஸ் நிறுத்தத்திலிருந்து உப்புப் பாத்திக்கு எத்தனை நிமிஷம் என்று அளக்காமல் அனுப்ப மனம் வரவில்லை. இன்று கடிகாரத்தோடு போனேன். நிறுத்தம் சித்தப்பா தெருவில்தான். அவன் வாசலைக் கடக்கக் கூசிப் பின்சந்தில் நுழைந்தேன். அங்கே அவன் வீட்டுப் பின்கொட்டகைக் கதவு விரியத் திறந்திருந்தது, பூட்டில் அந்தப் பழைய பெரிய சாவி. உள்ளே நாற்காலியில் உன் சித்தப்பா மொச்சை உரித்துக்கொண்டிருந்தான். திரும்பிவிடலாம் என்று பார்த்தேன், அதற்குள் பார்த்துவிட்டான். யாரது, பூகோள வாத்தியாரா, மூணு வருஷமா பஸ்ல பிஷப் மாதிரி போறே, ஒரு நாளாவது தலையத் திருப்பினியா என்றான். திருப்பிப் பார்த்ததுதான் தொல்லை, உன் கதவில் சாவி இல்லையே என்றேன். அவன் முட்டியைத் தட்டிக் காட்டினான். அண்ணே, முன்வாசல்ல மூணு படி, என் முட்டிக்கு அது மூணு மலை, அந்தக் குளிர்லயே சாவிய இங்க மாத்திட்டேன், தபால்காரன்லேருந்து பூனை வரைக்கும் தெரியும், உனக்குத் தெரியாதா என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்ன வார்த்தையை நினைவூட்டினேன், நீ அதை நம்பித் தெருப் பக்கமே வரமாட்டேன் என்று எழுதியதையும் சொன்னேன். மொச்சையைக் கீழே வைத்துவிட்டான். அதயா இத்தன நாள் புடிச்சுக்கிட்டிருக்கா, நான் அன்னிக்குக் கோவத்துல என்னென்னமோ சொன்னேனே என்றான். பிறகு மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு, நான்தான் மொதல்ல எழுதியிருக்கணும் என்றான். நான் கிளம்பும்போது அவன் குரல் தேறிவிட்டது. அவ எடத்துல இப்ப ஒரு பல்வைத்தியன் வாசிக்கிறான், வாத்துக்குப் பல்லு புடுங்கற மாதிரி இருக்கு, அந்த ஆஸ்திரேலியாக்காரனுக்கு ஏதாவது வாசிக்க வருமா, இல்ல பெரிய மேளத்தையாவது தூக்குவானா என்று கேட்டான். தெரியாது என்றேன். உப்புப் பாத்திக்கு எத்தனை நிமிஷம் என்று அளக்க மறந்துவிட்டேன். சுமார் பதினைந்து என்று வைத்துக்கொள்.

வியாழன். இன்று சந்தைக்குப் போனேன். பஸ் அவன் வீட்டைத் தாண்டும்போது முன்கதவில் ஏதோ மின்னியது. பஸ்ஸும் வேகம், என் கண்ணும் பழையது, ஆகவே அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்து பார்த்தேன். சாவிதான். மூன்று படியிலும் பல நாள் தூசு, அதில் கைத்தடி ஊன்றிய வட்டங்கள் மேலே ஏறிப் போயிருந்தன, கீழேயும் இறங்கியிருந்தன. அந்தச் சாவி எனக்காக வைத்தது அல்ல என்பதால் அதைத் தொடாமல் பின்சந்து வழியாகவே உள்ளே போனேன்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், கடலும் காற்றும் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கிளாரினெட்டை மறக்காமல் எடுத்து வா, விமானத்தில் கைப்பையிலேயே வைத்துக்கொள். மேலே போட்ட எண்களை நான் அடிக்கவில்லை, இத்தனை நாள் என்ன நினைத்திருந்தேன் என்று நீயும் பார்த்துக்கொள்ளலாம். முதல் நான்கும் அநேகமாகச் சரி. ஐந்தாவது தவறு.

உன் அப்பா,
விஸ்தின்