யாருக்காக ஏரிக்குப் போனோம், அத்தை?

அத்தை,

கூடாரத்தை மொட்டைமாடியில் விரித்துக் காயப்போட்டிருக்கிறேன். நாலு மூலைக்கும் நாலு செங்கல். பக்கவாட்டுப் பைக்குள் கையை விட்டால், நீங்கள் முட்டிக்குத் தேய்க்கும் தைலப் பாட்டில் மூடி கழன்று கிடக்கிறது. துணி முழுக்க அந்த வாடைதான். அதோடு கொசுவத்தி, ஏரிச் சேறு. அப்படியே தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம்தான் பழவேற்காட்டிலிருந்து திரும்பினோம். நானும் உங்கள் மகள் செல்வியும். ஆமாம், செல்விதான். ஈரம் பட்டாலே தும்முகிற அதே செல்வி. அவள் எப்படி வந்தாள் என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் அவள்தானே ஆரம்பித்து வைத்தாள்.

நீங்கள் போன பிறகு, மழை விட்ட வாரத்தில் ஒருநாள் வந்தாள். பரணைப் பார்த்து, "அந்தக் கூடாரம் சும்மாதானே கெடக்குது, குடு அண்ணி. எங்க வூட்டுக்காரரு ஆட்டோ மேல போத்திக்கட்டும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "அது அத்தை ஆசையா வெச்சிருந்ததுடி, தர மாட்டேன்" என்றேன். அவள் சிரித்தாள் அத்தை. வாயில் வைத்த டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

"இன்னா அண்ணி சொல்ற? அம்மாவுக்கு ஏரி மேல ஆசையா? நீ ஆசப்பட்டேன்னுதானே அது முட்டி வலியோட வந்துகினு இருந்துச்சு! எங்கிட்ட எத்தினி தபா சொல்லிக்கீது. 'தண்ணியப் பாத்துப் பாத்துப் பூத்துப்போன கண்ணுடி எனக்கு, ஏரி இன்னாத்துக்கு? அந்தப் பொண்ணு ஆசையா கூப்புடுது, போறேன்'னு."

"பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"எப்டிச் சொல்லும்? தண்ணிக்குக் கெளம்புறவங்க வான்னு கூப்ட்டா, எங்க வூட்ல வேணாம்னு சொல்ல மாட்டோம். சொன்னா கடலுக்கு ஆவாது. தாத்தா காலத்துலேர்ந்தே அப்டித்தான். மெய்யாலுமே உனக்குத் தெரியாதா?"

தெரியாது அத்தை. கடலுக்குக் கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாது, தெரியும். குறுக்கே காலிக்குடம் எடுத்துப் போகக்கூடாது, அதையும் இந்த வீட்டுக்கு வந்த மறுநாளே நீங்கள் ஒரு அதட்டு அதட்டிச் சொல்லிக்கொடுத்தீர்கள். ஆனால் இது? என்னை யார் தண்ணிக்குக் கூப்பிட்டார்கள், எனக்குத் தெரிவதற்கு?

எங்கள் மாதவரத்து வழக்கம் தலைகீழ். பால் பண்ணைக் குடியிருப்பில் யாராவது எங்காவது கூப்பிட்டால், முதல் தடவை "வேணாங்க" என்போம். இரண்டாம் தடவை "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்போம். மூன்றாம் தடவைதான் செருப்பை மாட்டுவோம். முதல் அழைப்பிலேயே ஒருத்தர் சரி என்றால், அவர் அதற்காகவே ஏங்கிக்கிடந்தார் என்று அர்த்தம். இந்த அகராதியை வைத்துக்கொண்டுதான் நான் உங்களைப் படித்திருக்கிறேன், பாருங்கள் என் புத்தியை.

முதல் தடவை ஞாபகம் இருக்கிறதா? ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் ஷிப்பிங் ஆபீசில், ஏரிக்கரையில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்க எல்லோரையும் கூட்டிப்போனார்கள். வீட்டில் ஒருவரை அழைத்து வரலாம். உங்கள் மகனுக்குக் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட். நீங்கள் வாசலில் உட்கார்ந்து மீன் செதில் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். மாமா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு மரியாதைக்காக, வெறும் மரியாதைக்காகத்தான், "அத்தை, நீங்க வேணா ஏரிக்கு..." என்று இழுத்தேன். நான் முடிப்பதற்குள் "வரேன்" என்றீர்கள். கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. எனக்கு நெஞ்சு உருகிப்போயிற்று. பாவம், எவ்வளவு ஆசையை உள்ளே அடக்கி வைத்திருக்கிறார் என்று அன்று உங்கள் மகனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

எண்ணூர் பக்கம் லாரி வரிசையில் வேன் சிக்கி, மீஞ்சூர் தாண்டி, ஒருவழியாகச் சவுக்குத் தோப்பில் இறங்கினோம். கூடாரத்தைப் பார்த்ததும் நீங்கள் கேட்ட கேள்வி ஆபீசில் இன்றும் ஓடுகிறது. "இதுல மனுசன் படுப்பானா, இல்ல நண்டு படுக்குமா?" உள்ளே தவழ்ந்து போய், திரும்ப முடியாமல், கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, "இஸ்துடு மே, இஸ்துடு!" என்று கத்தினீர்கள். எங்கள் மேனேஜர்தான் காலைப் பிடித்து இழுத்தார். அதற்கப்புறம் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டீர்கள்.

சாயங்காலம் படகு. எனக்குத் தண்ணீர் என்றால் பயம், கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் மட்டும் ஆபீஸ் பிள்ளைகளோடு போனீர்கள். திரும்பி வந்து புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, "ஆயுசுல இன்னிக்குத்தாம்மே படகுல கால் வெச்சேன்" என்றீர்கள். நான் நம்பவில்லை. காசிமேட்டில் ஏலம் கூவி வளர்ந்தவர், அப்பா படகு, புருஷன் படகு, அண்ணன் படகு என்று வாழ்ந்தவர். "பொம்பளைங்களுக்குக் கரைதாம்மே. மீன் வந்தப்பால நம்ம வேல. படகுல எவ ஏத்துவான்?" என்றீர்கள், ஏதோ தெரியாதவளுக்குத் தெரிந்ததைச் சொல்வதுபோலச் சாதாரணமாக. பிறகு தெற்கே கையை நீட்டி, அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைக் காட்டினீர்கள். "படகுலேர்ந்து பாத்தா நம்ம ஊரு எம்மாம் சின்னதா கீது தெரியுமா." அதையும் ஆசையின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

வந்ததும் தெருவெல்லாம் கதை. படகில் போகும்போது நீங்கள் பார்த்த நாரை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு முழம் வளர்ந்தது. கடைசி வீட்டுக்குப் போகும்போது அது உங்களைக் கொத்த வந்து, நீங்கள் துடுப்பால் விரட்டியிருந்தீர்கள். இவ்வளவு சந்தோஷப்படுகிறாரே என்று நான் சொந்தமாகவே ஒரு கூடாரம் வாங்கினேன். நீங்கள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஷோக்கா கீது" என்றீர்கள். இந்தப் பொண்ணுக்குக் கூடாரப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அப்போதே செல்வியிடம் சொன்னீர்களாம். அதுவும் இப்போதுதான் தெரிகிறது.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குக் கூடாரம் பிடிக்காது அத்தை. எனக்கு மின்விசிறி வேண்டும். தாழ்ப்பாள் போட்ட கழிவறை வேண்டும். கொசு கடித்தால் உடம்பெல்லாம் தடிக்கும். மண் சோற்றில் பட்டால் பல் கூசும். மாசாமாசம் ஏரிக்குப் பையைத் தூக்கும்போது, அத்தைக்காக, அத்தைக்காக என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் தூக்கினேன். நீங்களும் அதே பையின் இன்னொரு வாரைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பொண்ணுக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களா? அப்படியானால் அந்தப் பையை ஏரி வரைக்கும் தூக்கிப்போனது யார்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது.

சும்மா வந்தவர் போலவும் தெரியவில்லையே நீங்கள். சவுக்குத் தோப்புக்காரி, உங்களை ஏற்றிப்போகும் படகுக்காரர் மனைவி, அவளோடு போட்ட சண்டை கொஞ்சமா? ஏரிக்குப் போகிறவர்கள் காசிமேட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் கொண்டுபோவார்களா? அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஏன்மா, எங்க ஏரி மடவை மீன வாய்ல வெக்க முடியாதா?" என்றாள். "சேத்து வாட அடிக்கும்மே" என்று மூஞ்சிக்கு நேரே சொன்னீர்கள். அவள் கோபித்துக்கொண்டு ஒரு சட்டி குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். நீங்கள் சட்டியை வழித்துத் தின்றுவிட்டு, கையை நக்கிக்கொண்டே, "வாட அடிக்கத்தான் செய்யுது" என்றீர்கள். அடுத்த தடவையும் ஐஸ் பெட்டி போனது, அடுத்த தடவையும் சட்டி வந்தது. பிடிக்காத இடத்தில் ஒருத்தர் இப்படியா சண்டை போடுவார்?

ஆனால் கடைசித் தடவையை நினைத்தால் எல்லாம் கவிழ்ந்துவிடுகிறது. படகிலிருந்து உங்களை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். முட்டி வீங்கியிருந்தது. தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே, "அடுத்த மாசம் வேணாம் அத்தை, வீட்லயே இருப்போம்" என்றேன். "நீ கூப்டு, நான் வரேன்" என்றீர்கள். அன்று அது எனக்குத் தேனாக இனித்தது. செல்வி சொன்ன பிறகு அதே வார்த்தை முள்ளாகக் குத்துகிறது. கூப்பிட்டால் வரத்தானே வேண்டும் உங்களுக்கு? வலியோடு ஒருத்தியை, வேண்டாம் என்று சொல்ல வாயில்லாத இடமாகப் பார்த்து, நான் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டு அலைந்தேனா? அடுத்த மாசம் நான் கூப்பிடுவதற்குள் நீங்கள் மாரடைப்பில் போய்விட்டீர்கள். இனி யாரிடம் கேட்பது?

உங்கள் மகனிடம் கேட்டேன். சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே, "ரெண்டு பேரும் சிரிச்சிகினேதானே வந்தீங்க? அத ஏன் இப்ப நோண்டினுகீற?" என்றார். ஆம்பளைகளுக்கு எல்லாம் லேசு.

அதனால்தான் செல்வியை இழுத்துப்போனேன். திட்டமெல்லாம் இல்லை, ஆத்திரம். "இந்தச் சனிக்கிழமை நான் ஏரிக்குப் போறேன், நீயும் வா" என்றேன். மறுக்க வாயைத் திறந்தாள், அப்படியே மூடிக்கொண்டாள். என்னை முறைத்தாள். "செரி" என்றாள். உங்கள் வீட்டுப் பெண்தான், சந்தேகமே இல்லை.

வழியெல்லாம் புலம்பல். ஷேர் ஆட்டோவில் இடுப்பு வலி, கலீஜான தண்ணி, கூடாரத்துக்குள் மூச்சு முட்டுது, இதுக்கா அம்மா வந்துச்சு. தோப்பில் இறங்கியதும் படகுக்காரர் மனைவி ஓடிவந்தாள். எங்களுக்குப் பின்னால் எட்டிப்பார்த்து, "பெரியம்மா எங்க? பெட்டியத் தூக்கினு பின்னாடி வருதா?" என்றாள். நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை, அத்தை. செல்விதான் சொன்னாள். அந்த அம்மாள் மண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்போதுதான் செல்வியும் அழுதாள். நான் அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கப் போய்விட்டேன்.

அழுது முடித்துவிட்டு படகுக்காரர் மனைவி சொன்னதைக் கேளுங்கள். "மருமவளுக்காகத்தான் வரேன்னு எங்கிட்டயும் சொல்லும். ஆனா படகு கரைக்கு வந்தா எறங்காது. முட்டி நோவுதுப்பா, மடக்க முடியல, இன்னும் ஒரு சுத்து சுத்தினு வா, அதுக்குள்ள செரியாப் பூடும்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லும். மூணு சுத்து, நாலு சுத்து. அவரும் போவாரு. முட்டி நோவுதோ, மனசு வரலையோ, யாருக்குத் தெரியும்?"

"எனக்கு ஏன் தெரியல?" என்று கேட்டேன்.

"நீதான் கொசுவுக்குப் பயந்து கூடாரத்துக்குள்ள பூந்துப்பியே" என்றாள்.

செல்வி எழுந்து புடவை மண்ணைத் தட்டினாள். "வா அண்ணி, ஏறலாம்" என்றாள். ஏறினேன். பாதித் தூரம் கண்ணை மூடிக்கொண்டு பலகையைப் பிடித்தபடிதான் இருந்தேன். செல்வி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். புலம்பல் நின்றுபோயிருந்தது. கண்ணைத் திறந்தபோது தண்ணீர், தூரத்தில் நாரைக்கூட்டம், தெற்கே புகைபோக்கிகள். நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று தேடித் தேடிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் படகு திரும்பியபோது இவ்வளவு சீக்கிரமாகவா என்று ஒரு கணம் தோன்றியது. அது என்ன தோன்றல் என்றும் எனக்கு விளங்கவில்லை.

உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தக் குழப்பம்தான் போலிருக்கிறது. வேறு மருமகள்களுக்கு வளையல் வரும், அம்மி வரும். எனக்கு இது. இறக்கி வைக்கவும் மனசில்லை.

நேற்று மீஞ்சூர் தாண்டி வரும்போது, செல்வி என் தோளில் தலை சாய்த்துத் தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "அடுத்த தபா எப்போ அண்ணி?"

நான் அவளைக் கூப்பிடவே இல்லை, அத்தை. அவளாகத்தான் கேட்டாள். ஆசைப்பட்டுக் கேட்டாளா, நான் வழியெல்லாம் ஊமையாக வந்ததைப் பார்த்து எனக்காகக் கேட்டாளா? கொசு கடித்த கையைச் சொறிந்துகொண்டே "பொங்கல் கழிச்சு" என்றேன். எனக்காகவா, அவளுக்காகவா, உங்களுக்காகவா என்று நான் யோசிக்கத் தொடங்குவதற்குள் வாய் சொல்லி முடித்துவிட்டது. நீங்களும் அன்று வாசலில் "வரேன்" என்று இப்படித்தான் சொன்னீர்களா?